பிளேடைப் பார்த்துட்டு அப்புறம் கைப்பிடியைப் பாருங்க

போன வாரம் கார்ல ஃபாஸ்டேக் மாத்த வேண்டி வந்துச்சு. பழைய பேங்க் கணக்கை மூடியாச்சு, புது டேக் தபால்ல வந்தாச்சு. பழசை எடுத்துட்டு கண்ணாடியைச் சுத்தம் பண்ணிக் கொடுங்கன்னு வண்டி கழுவுற ஒரு இடத்துல விட்டேன். அங்க வேலை பார்க்குற தம்பி சட்டைப் பையிலேர்ந்து ஒரு ஷேவிங் பிளேடை எடுத்தான். நெடுக்குல ரெண்டா ஒடிச்சான். ஒரு பாதியை ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு, சொட்டுத் தண்ணி கூடத் தெளிக்காம, காஞ்ச கண்ணாடியில வறட் வறட்னு சுரண்ட ஆரம்பிச்சுட்டான்.

எனக்குப் பதறிப் போச்சு.

"தம்பி, நில்லுப்பா. கையைக் கிழிச்சுக்கப் போற."

"பழக்கம்தான் சார். ஒண்ணும் ஆகாது."

அவன் கட்டை விரலைப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்கும் பழைய கோடுங்க. ஒண்ணு ரெண்டு இன்னும் முழுசா ஆறல.

எனக்கு அவன் மேல கோபமே இல்ல. அவ்வளவு விலை கொடுத்து பிரஷர் வாஷர், வேக்குவம் எல்லாம் வாங்கிப் போட்ட முதலாளி, வேலை செய்யுற பையன் கைக்கு ஒரு ஸ்கிராப்பர் வாங்கிக் கொடுக்கலையேன்னுதான் கோபம். என் டிக்கியில எப்பவும் ஒரு ஸ்கிராப்பர் கிடக்கும். எடுத்துக் கொடுத்தேன். சோப்புத் தண்ணி தெளிச்சு, கொஞ்ச நேரம் ஊற விட்டு, தள்ளிப் பார்த்தான். கம்மோட சேர்ந்து பட்டை பட்டையா வந்துடுச்சு.

"இது எங்க சார் கிடைக்கும்? எதைப் பார்த்து வாங்கணும்?"

அந்தக் கேள்விக்கு அங்க நின்னுக்கிட்டே முழுசாப் பதில் சொல்ல முடியல. அதான் இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

(ஃபாஸ்டேக் ஏன் இவ்வளவு அடம் பிடிக்குதுன்னா, அதைச் செஞ்சதே அப்படித்தான். ஒரு வண்டியிலேர்ந்து உரிச்சு இன்னொரு வண்டியில ஒட்டிடக் கூடாது பாருங்க. உரிச்சா உள்ள இருக்குற ஆன்டெனாவே கிழிஞ்சு போகும். 2021 பிப்ரவரியிலேர்ந்து டோல்ல இது கட்டாயம் ஆயிடுச்சு. அதனால இன்னைக்கு இல்லாட்டியும் ஒரு நாள் உங்களுக்கும் இந்த வேலை வரும்.)

ஸ்கிராப்பர் வாங்கப் போனா எல்லாரும் கைப்பிடியைத்தான் பார்ப்போம். ரப்பர் பிடி இருக்கா, கலர் நல்லா இருக்கா, கையில கனமா உட்காருதா. என்னைக் கேட்டா அதெல்லாம் ரெண்டாவது. முதல்ல பார்க்க வேண்டியது, அதுல என்ன பிளேடு மாட்டுது, அந்த பிளேடு திரும்பத் திரும்பக் கிடைக்குமாங்கறது. கைப்பிடி பல வருஷம் வரும். பிளேடு ஒரு மத்தியான வேலைக்கே மழுங்கிடும்.

சரி, என்னென்ன பிளேடு இருக்கு?

ஷேவிங் பிளேடு எல்லார் வீட்டுலயும் இருக்கு. டோபாஸ், செவன் ஓ கிளாக், எதுவா இருந்தாலும் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். அதுக்குன்னு தனியா பலம் கிடையாது. ரேசர்ல மாட்டி முறுக்கும்போது ரெண்டு தகட்டுக்கு நடுவுல வளைஞ்சு இறுகி உட்காருது பாருங்க, அப்பத்தான் அதுக்கு விறைப்பே வருது. கில்லெட் 1904ல வாங்கின காப்புரிமையோட சாரமே இதுதான்: மெல்லிசு தகடு, அதை விறைப்பாப் பிடிக்குற கைப்பிடி. அந்தக் கைப்பிடியிலேர்ந்து வெளியே எடுத்துட்டா வெறும் வளையுற தகடு. கண்ணாடியில அழுத்தினா நடுவுல வளையும், மூலை குத்தும், ஒரு கட்டத்துல பட்டுனு ஒடியும். ஒடிஞ்ச துண்டு எந்தப் பக்கம் தெறிக்கும்னு யாருக்குத் தெரியும்? சுரண்டுற வேலைக்கு இது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கட்டர். பேப்பர் வெட்டுறமே, நுனியை ஒடிச்சு ஒடிச்சுப் பயன்படுத்துறது. இது பொறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1956ல ஒசாகாவுல யோஷியோ ஒகாடான்னு ஒருத்தர் யோசிச்சது. அச்சு வேலையில பேப்பர் வெட்டி வெட்டி பிளேடு மழுங்கிக்கிட்டே இருந்துச்சு. செருப்புத் தைக்கிறவங்க கண்ணாடித் துண்டை ஒடிச்சுப் புது முனை எடுப்பாங்க. சாக்லேட் பட்டையில கோடு போட்டு, கோட்டுல ஒடிப்பாங்க. இந்த ரெண்டையும் மனசுல சேர்த்துப் பார்த்து இதைக் கொண்டு வந்தார். இன்னைக்கு ஓல்ஃபான்னு உலகம் முழுக்க விக்குற கம்பெனி அவர் ஆரம்பிச்சதுதான். 9 மில்லிமீட்டர், 18 மில்லிமீட்டர்னு ரெண்டு அகலம் நிலைச்சுப் போச்சு. எந்தக் கம்பெனி கட்டரா இருந்தாலும் தெருமுனை ஸ்டேஷனரி கடையில பிளேடு கிடைக்கும். (இந்த வசதியைத்தான் ஸ்கிராப்பர்லயும் நான் தேடுறேன். அதைப் பத்திப் பின்னாடி சொல்றேன்.)

ஆனா கட்டரால சுரண்டாதீங்க. அது ஒடியறதுக்குன்னே கோடு போட்டுச் செஞ்ச பிளேடு. பக்கவாட்டுல அழுத்தம் கொடுத்தா அது செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்யும், ஒடியும்.

நமக்கு வேண்டியது மூணாவது வகை. ஒரு பக்கம் மட்டும் கூர் இருக்கும். எதிர்ப்பக்கம் அலுமினியமோ இரும்போ மடிச்சு ஒரு முதுகு கொடுத்திருப்பாங்க. கடையில "சிங்கிள் எட்ஜ் பிளேடு"ன்னு கேட்டாப் புரியும். நீளம் ஒண்ணரை இஞ்ச், அதாவது 38 மில்லிமீட்டர் வாக்குல. உயரம் முக்கால் இஞ்ச். தடிமன்ல ரெண்டு ரகம்: 0.009 இஞ்ச் ஒண்ணு, 0.012 இஞ்ச் ஒண்ணு. பாக்கெட்ல நம்பர் 9, நம்பர் 12னு போட்டிருப்பாங்க. மில்லிமீட்டர்ல சொன்னா 0.23, 0.30. ஷேவிங் பிளேடை விட ரெண்டு, மூணு மடங்கு தடிப்பு. போதாததுக்கு முதுகு வேற இருக்கு. அழுத்தினா வளையாது, விரல் பக்கம் கூர் கிடையாது.

நம்பர் 9 கண்ணாடிக்கு நல்லா ஓடும். பெயிண்ட், சிமெண்ட் துளி, காஞ்ச கம்னு முரட்டு வேலைக்கு 12. ஒண்ணுதான் வாங்குவேன்னா 12 வாங்குங்க.

வாங்கப் போற ஸ்கிராப்பர்ல இந்த 38 மில்லிமீட்டர் பிளேடு மாட்டுமா? என் முதல் கேள்வி இதுதான், எப்பவும். பாரிமுனைப் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில ரொம்ப அழகா ஒண்ணு வெச்சிருந்தாங்க. கைக்கு அவ்வளவு இதமா இருந்துச்சு.

"அண்ணே, இதுக்கு பிளேடு தனியாக் கிடைக்குமா?"

"அது வராது சார். உள்ள அஞ்சு இருக்கு பாருங்க, அதான்."

அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன். அஞ்சு பிளேடு தீர்ந்ததும் அந்த அழகான கைப்பிடி பரண்ல போய் உட்காரும். அதே கடையில, மூலையில, தகரத்துல செஞ்ச சாதாரண ஸ்கிராப்பர் ஒண்ணு தூசி படிஞ்சு கிடந்துச்சு. அதுல 38 மில்லிமீட்டர் பிளேடு கச்சிதமா உட்கார்ந்துச்சு. இன்னைக்கும் எங்க வீட்டு கார் ஷெட்டுல அதுதான் வேலை செய்யுது.

இந்த பிளேடு நூறு எண்ணம் கொண்ட பாக்கெட்டா வரும், பத்து எண்ணம் கொண்ட சின்னப் பெட்டியாவும் வரும். நூறு வாங்கிடுங்கன்னுதான் சொல்வேன். கணக்குப் பார்த்தா ஒரு பிளேடு சில ரூபாய்தான். கையில நிறைய இருந்தாத்தான் மழுங்கினதும் மாத்த மனசு வரும். அஞ்சே அஞ்சு இருந்தா மிச்சம் பிடிக்கத் தோணும். மழுங்கின பிளேடுல மிச்சம் பிடிக்கும்போதுதான் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடும்போதுதான் கை வழுக்கும்.

இப்ப கைப்பிடிக்கு வரலாம்.

கடையிலயே ஒரு பிளேடை மாட்டிப் பாருங்க. மாட்டிட்டு, முதுகுப் பக்கத்தை விரலால பிடிச்சு இப்படியும் அப்படியும் அசைச்சுப் பாருங்க. ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருக்குற பிளேடு கண்ணாடியில தாவித் தாவிப் போகும், ஒரு இடம் சுரண்டும், ஒரு இடம் விட்டுடும். அடுத்து, பிளேடு வெளியே இருக்கும்போது முனையை ஒரு பழைய மரக்கட்டையில வெச்சு அழுத்துங்க. பிளேடு தானா உள்ள போகுதா? அப்ப அதுல பூட்டு சரியில்ல. உள்ள இழுத்து வெச்சுட்டுக் கையில உதறிப் பாருங்க. தானா வெளியே எட்டிப் பார்க்குதா? அப்பவும் வேண்டாம், குழந்தைங்க இருக்குற வீட்டுக்குக் கண்டிப்பா வேண்டாம்.

பிளேடு எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கிட்டு இருக்குன்னும் பாருங்க. கொஞ்சமா நீட்டினா விறைப்பா நிக்கும். பாதி பிளேடு வெளியே தொங்கினா அழுத்தும்போது தாங்காது.

உள்ளே இழுத்துக்குற உலோக வகைதான் வீட்டுக்கு என் தேர்வு. ஸ்டான்லி மாதிரி பழைய கருவிக் கம்பெனிங்க எல்லாம் இந்த மாடலை ரொம்ப காலமாச் செய்யுறாங்க. பிளாஸ்டிக்ல குட்டியா, தலையில மூடி போட்டு வர்ற வகையும் இருக்கு. மூடி தொலையுற வரைக்கும் நல்லதுதான். மூடி கண்டிப்பாத் தொலையும்.

தரையில சுரண்டுறதா இருந்தா கதை வேற. சின்ன ஸ்கிராப்பரைத் தரையில சாய்ச்சுப் பிடிச்சா விரல் முட்டி டைல்ஸ்ல உரசும். பெயிண்டிங் முடிஞ்சு டைல்ஸ் முழுக்கப் புள்ளி புள்ளியாக் கிடக்குற வீட்டுல உட்கார்ந்து சுரண்டிப் பார்த்தவங்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். அதுக்கு நீளக் கைப்பிடியும் 4 இஞ்ச், அதாவது 100 மில்லிமீட்டர் பிளேடும் இருக்குறது வாங்குங்க. நின்னுக்கிட்டே தள்ளலாம், இடுப்பு தப்பிக்கும். அதோட பிளேடு தடியா, முரடா இருக்கும். அதைக் கொண்டு போய் ஜன்னல் கண்ணாடியில வைக்காதீங்க. கண்ணாடி துடைக்கறவங்க பயன்படுத்துற 100 மில்லிமீட்டர் பிளேடு தனி, மெல்லிசா இருக்கும். உங்கர்னு ஒரு ஜெர்மன் கம்பெனி அந்த வேலைக்குன்னே செய்யுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா வித்தியாசம் உடனே தெரிஞ்சிடும்.

நல்லதா ஒண்ணு வாங்கியாச்சு. சுரண்டுறதுக்கு ஒரு முறை இருக்கு. இதைத்தான் அந்தத் தம்பிகிட்டயும் முதல்ல சொன்னேன்.

முன்னாடி மட்டும் தள்ளணும். திரும்பி வரும்போது பிளேடைத் தூக்கிடணும்.

இழுக்காதீங்க. முன்னும் பின்னும் தேய்க்காதீங்க. தள்ளும்போது அழுக்கு பிளேடுக்கு முன்னாடி போகும். பின்னாடி இழுக்கும்போது அதே அழுக்கு பிளேடுக்கு அடியில மாட்டும். அந்த அழுக்குல மணல் இருக்கும். கண்ணாடியோட கடினம் மோஸ் அளவுல 5.5 வாக்குல. மணல்ல இருக்குற குவார்ட்ஸ் 7. கண்ணாடியைக் கீறுறது பெரும்பாலும் பிளேடு கிடையாது, பிளேடுக்கு அடியில மாட்டின ஒத்தை மணல்தான். அதனாலதான் சுரண்டுறதுக்கு முன்னாடி கழுவணும், சுரண்டும்போது சோப்புத் தண்ணியில நனைச்சுக்கிட்டே இருக்கணும். தண்ணி வழுக்கலும் கொடுக்கும், மணலைக் கழுவிக்கிட்டும் போகும்.

சாய்வு? தோசைக்கல்லுல தோசைத் திருப்பியை எப்படி உள்ள விடுவீங்க, அந்தச் சாய்வுதான். 30 டிகிரி வாக்குல. நிமிர்த்திப் பிடிச்சா முனை நடுங்கும், குத்தும்.

பிளேடு மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை. கொஞ்சம் பஞ்சை எடுத்துக் கூர் ஓரமா மெதுவா இழுங்க. எங்கயாவது நார் சிக்குச்சுன்னா அங்க பல்லு விழுந்திருக்கு. அந்த பிளேடு கண்ணாடிக்கு ஆகாது, தரைப் பெயிண்டுக்கு வெச்சுக்கலாம். புது பிளேடுலயும் சிலது இப்படி வரும்.

டஃபன் கிளாஸ் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். ஏன்னா இப்ப பால்கனிக் கதவு, பாத்ரூம் தடுப்பு, கேஸ் அடுப்பு மேல்தட்டு எல்லாமே அதுதான். கண்ணாடியைச் சூளையில 600 டிகிரி செல்சியஸுக்கு மேல சுட வெச்சு, சட்டுனு குளிர வெச்சுச் செய்யறாங்க. சூளைக்குள்ள போறதுக்கு முன்னாடி சரியாக் கழுவலைன்னா, வெட்டும்போது விழுந்த கண்ணாடித் தூள் மேல்பக்கத்துல ஒட்டி, அப்படியே சேர்ந்து வெந்துடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா பிளேடு போட்டா அந்தத் துகள் பெயர்ந்து, பிளேடோட சேர்ந்து ஓடி, நீளமாக் கோடு போட்டுடும். அமெரிக்காவுல ஜன்னல் துடைக்கறதைத் தொழிலாச் செய்யறவங்க பலர் இதுக்காகவே, "கீறல் விழுந்தா நாங்க பொறுப்பில்லை"ன்னு வீட்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் பிளேடை எடுப்பாங்க. கண்ணாடி செய்யறவங்களுக்கும் துடைக்கறவங்களுக்கும் நடுவுல பல வருஷமா நடக்குற சண்டை இது.

உங்க வீட்டுல எப்படிக் கண்டுபிடிக்கறது? மூலையில சின்னதா முத்திரை இருந்தா டஃபன் கிளாஸா இருக்க வாய்ப்பு அதிகம். நல்லாக் கழுவிட்டு, ஈரத்தோட விரல் நுனியால தடவுங்க. நறநறன்னு பட்டா பிளேடைக் கிட்டவே கொண்டு போகாதீங்க. ஊற வெச்சு, பிளாஸ்டிக் பிளேடால எடுங்க. வழுவழுன்னு இருந்தா ஓரமா, கண்ணுல படாத இடத்துல கொஞ்சம் போட்டுப் பார்த்துட்டு மேல போகலாம். இன்னொண்ணு, டஃபன் கிளாஸுக்கு நடுப்பக்கம் பலம், விளிம்பு பலவீனம். ஸ்கிராப்பரை விளிம்புல இடிச்சுடாதீங்க.

பாத்ரூம் கண்ணாடியில போர் தண்ணி உப்பு வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிருக்கும். அதை வெறும் பிளேடால எடுக்கப் பார்த்தா கைதான் வலிக்கும். வினிகரை டிஷ்யூ பேப்பர்ல நனைச்சு ஒட்டி வைங்க. கொஞ்ச நேரம் கழிச்சுக் கழுவிட்டு, மிச்சத்துக்கு பிளேடு. (பக்கத்துல மார்பிள் இருந்தா வினிகர் அதுல சொட்டக் கூடாது, அரிச்சுடும். மார்பிள்ல பிளேடும் வேண்டாம், அது ரொம்ப மெதுவான கல்லு. பாலிஷ் போட்ட கிரானைட் தாங்கும்.)

எவர்சில்வர் பாத்திரத்துல விலைச் சீட்டு ஒட்டி வருமே, அதைத் தயவுசெஞ்சு சுரண்டாதீங்க. சீட்டு இருக்குற இடத்துக்குப் பின்பக்கத்தை அடுப்புல சில வினாடி காட்டுங்க. கம் இளகி, உரிச்சா முழுசா வந்துடும். மிச்சப் பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய்.

இண்டக்ஷன் அடுப்பு மேல்தட்டுல பொங்கி வழிஞ்சு காஞ்சதுக்கு பிளேடு ஸ்கிராப்பர்தான் சரியான கருவி. அடுப்பு செய்யற கம்பெனிங்களே சொல்றாங்க, சிலர் அடுப்போடயே ஒண்ணு கொடுத்தும் விடுவாங்க. சர்க்கரைப் பாகோ வெல்லப் பாகோ சிந்தினா மட்டும் ஆற விடாதீங்க. அடுப்பை அணைச்சுட்டு, சூடு இருக்கும்போதே, கையைத் தள்ளி வெச்சு எடுத்துடணும். பாகு ஆறி இறுகும்போது மேல்பரப்பைப் பெயர்த்துடும்.

மொட்டை மாடி சோலார் பேனல்ல காக்கா எச்சம் காஞ்சு கிடக்குதா? பிளேடு தொடவே கூடாது. மேல ஒளி திரும்பாம இருக்க ஒரு மெல்லிசுப் பூச்சு இருக்கும், போயிடும். ஊற வெச்சு மெத்துனு துணியால துடைங்க, அதுவும் காலையில பேனல் சூடாகுறதுக்கு முன்னாடி.

இப்ப கார் ஷெட்டுக்கு வரேன்.

கார் கண்ணாடியில ஒட்டுற சன் ஃபிலிம் ஞாபகம் இருக்கா? 2012 ஏப்ரல் 27ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்புறம் நாடு முழுக்க ஃபிலிம் உரிச்சாங்க. முன்னாடி பின்னாடி கண்ணாடியில 70 சதவீதம் வெளிச்சம் போகணும், பக்கக் கண்ணாடியில 50 சதவீதம். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, கையில கிடைச்சதையெல்லாம் வெச்சு உரிச்ச காலம் அது. பின்பக்கக் கண்ணாடியில பழுப்பா கோடு கோடா இருக்கும் பாருங்க, பனி விலக்குறதுக்கு, அது கண்ணாடிக்கு உள்ள இல்ல, உள்பக்கம் மேல அச்சடிச்சது. பிளேடு ஒரு இழுப்பு இழுத்தா கோடு அறுந்துடும். அறுந்த கோடு சூடாகாது. அந்தக் கண்ணாடியில ஃபிலிம் எடுக்கணும்னா வெளிப்பக்கத்துலேர்ந்து ஹேர் டிரையரால சூடு காட்டி, மூலையிலேர்ந்து மெதுவா உரிங்க. மிச்சக் கம்மை சோப்புத் தண்ணியில ஊற வெச்சு, கோட்டோட திசையிலயே பிளாஸ்டிக் பிளேடால தள்ளுங்க. நேரமாகும். பரவாயில்ல.

காரோட பெயிண்ட், ஹெட்லைட், டாஷ்போர்டு, பம்பர். இதுல எதுலயும் ஸ்டீல் பிளேடு கிடையாது. பெயிண்ட்ல ஒட்டின ஸ்டிக்கருக்கு ஹேர் டிரையர், அப்புறம் பிளாஸ்டிக் பிளேடு, அவ்வளவுதான்.

இந்த பிளாஸ்டிக் பிளேடைப் பத்திப் பல பேருக்குத் தெரியாதது எனக்கு வருத்தம்தான். அதே 38 மில்லிமீட்டர் அளவுலயே வரும், அதே ஸ்கிராப்பர்லயே மாட்டும், நிறைய ரகத்துல ரெண்டு பக்கமும் முனை இருக்கும். விரலை வெட்டாது. முனை தேஞ்சா உப்புத்தாள்ல ரெண்டு இழுப்பு இழுத்தா மறுபடி முனை வந்துடும். பாலிஷ் போட்ட மரக்கதவுல தேர்தலுக்குத் தேர்தல் ஒட்டிட்டுப் போற ஸ்டிக்கர்களை எங்க வீட்டுல இதை வெச்சுத்தான் எடுக்குறோம். இதுவும் சேர்த்து வாங்குங்க, கண்டிப்பா.

இஞ்சின் வேலை பார்க்கறவங்களுக்கு: கேஸ்கெட் சுரண்ட நம்ம ஊரு மெக்கானிக் பட்டறையில ஆக்சா பிளேடைத் தீட்டி வெச்சிருப்பாங்க. வார்ப்பிரும்புல அது ஓடும். இப்ப பைக்லயும் கார்லயும் கவர், ஹெட் எல்லாம் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் மெதுவானது, பிளேடு மூலை ஒரு இடத்துல குத்தினாப் பள்ளம் விழும். புது கேஸ்கெட் போட்டாலும் அந்தப் பள்ளம் வழியா ஆயில் கசியும். கேஸ்கெட் ரிமூவர் அடிச்சு ஊற விட்டு, முதல்ல பிளாஸ்டிக் பிளேடு. விடாப்பிடியா நிக்கற இடத்துக்கு மட்டும் புது சிங்கிள் எட்ஜ் பிளேடை ரொம்பத் தாழ்வாச் சாய்ச்சு வெச்சு எடுங்க. சுத்துற டிஸ்க்கைப் போட்டுத் தேய்க்கறது வேகமா இருக்கும்தான். ஆனா அதுலேர்ந்து உதிர்ற அலுமினியம் ஆக்சைடு தூள் ஆயிலோட கலந்து பேரிங்கைத் தின்னுடும். ஜெனரல் மோட்டார்ஸ் இதுக்காகவே மெக்கானிக்குகளுக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்காங்க.

பழைய வீட்டு ஜன்னல் சட்டத்துல பெயிண்ட் சுரண்டப் போறீங்களா? ஒரு நிமிஷம். இந்தியாவுல வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாதுங்கற விதி 2017 நவம்பர் 1லேர்ந்துதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின பெயிண்ட்ல ஈயம் நிறைய இருக்க வாய்ப்பு உண்டு. காஞ்சபடி சுரண்டினா தூளாப் பறக்கும். சின்னக் குழந்தைங்க உடம்புக்கு ஈயம் ரொம்பக் கெடுதல், மூளை வளர்ச்சியையே பாதிக்கும். தண்ணி தெளிச்சு ஈரமாச் சுரண்டுங்க. முகமூடி போட்டுக்கோங்க. கீழ பேப்பர் விரிச்சு அப்படியே சுருட்டி எடுத்துடுங்க. குழந்தைகளும் கர்ப்பமா இருக்குறவங்களும் அந்த வேலை முடியுற வரைக்கும் வேற இடத்துல இருக்கட்டும். இதுல மட்டும் "ஒண்ணும் ஆகாது"ன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

பிளேடு துரு பிடிக்கறதைப் பத்தியும் சொல்லிடறேன். கார்பன் ஸ்டீல் பிளேடு கூர் அதிகம், ஆனா சென்னை மாதிரி கடல் காத்து அடிக்குற ஊர்ல சீக்கிரம் துரு ஏறும். துரு ஏறின முனை கண்ணாடியைக் கீறும். வேலை முடிஞ்சதும் பிளேடைக் கழட்டித் துடைச்சு, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் தடவி வைங்க. பாத்ரூம், சமையலறைக்குன்னா ஸ்டெயின்லெஸ் ரகம் வாங்கலாம். பாக்கெட்டைப் பிரிச்சப்புறம் மூடி இறுகுற டப்பாவுல போட்டு வைங்க, பிரிக்கறதுக்கு முன்னாடி சுத்தியிருந்த எண்ணெய்க் காகிதத்தைத் தூக்கிப் போடாம.

அப்ப நான் என்னதான் வாங்கச் சொல்றேன்? உள்ளே இழுத்துக்குற, ஆட்டமில்லாத உலோக ஸ்கிராப்பர் ஒண்ணு. நம்பர் 12 சிங்கிள் எட்ஜ் பிளேடு ஒரு பாக்கெட். அதே அளவுல பிளாஸ்டிக் பிளேடு கொஞ்சம். வீட்டுல பெயிண்டிங் வேலை வந்தா நீளக் கைப்பிடி 4 இஞ்ச் ஒண்ணு. மத்ததெல்லாம் கடைக்காரர் ஆசைக்கு.

தேஞ்ச பிளேடை என்ன பண்றது? அமெரிக்காவுல பழைய வீடுகள்ல பாத்ரூம் மருந்து அலமாரியோட பின்பக்கத்துல ஒரு சின்னப் பிளவு இருக்கும். பழைய ஷேவிங் பிளேடை அதுல போட்டுடுவாங்க, சுவருக்கு உள்ள விழுந்துடும். இன்னைக்கு அந்த வீடுகளை இடிக்கும்போது துருப்பிடிச்ச பிளேடு கும்பல் கும்பலாக் கொட்டுது, சுவரை உடைக்கறவங்க கையில. நம்ம ஊர்ல சுவருக்குள்ள போடுறதில்ல, குப்பைக் கவர்ல போடுறோம். காலையில வண்டியோட வர்ற தூய்மைப் பணியாளர் அக்கா அந்தக் கவரைக் கையாலதான் பிரிப்பாங்க. பல நாள் கையுறை கூட இருக்காது.

அதனால ஒரு வேலை செய்யுங்க. காலியான பால் பவுடர் டின்னோ, குட்டி பெயிண்ட் டின்னோ எடுத்து, மூடியில பிளேடு நுழையுற அளவுக்கு ஒரு வெட்டு போடுங்க. தேஞ்ச பிளேடு எல்லாம் அதுக்குள்ள போகட்டும். அது நிறையறதுக்குப் பல வருஷம் ஆகும். நிறைஞ்சதும் வெட்டு மேல டேப் ஒட்டி, "பிளேடு"ன்னு பெரிய எழுத்துல எழுதி, குப்பையோட சேர்த்துப் போடாம, "அக்கா, இதுக்குள்ள பிளேடு இருக்கு, பிரிக்காதீங்க"ன்னு சொல்லி அவங்க கையிலயே கொடுத்துடுங்க.